வாய்க்கு அரைத்த மிளகாய்

ஏனுங் அம்மிணி, அந்தப் பையைக் கொஞ்சம் கீழ வைங்க. மொளகாயும் எங்கயும் ஓடிப் போகாது, அரைக்கற கல்லும் ஓடிப் போகாது. வந்த வேகத்துல அரைக்கப் போயிறாதீங்க. நான் அப்படிப் போனவ, அதனால சொல்றேன். ரெண்டே நிமிசம், சுருக்கமாச் சொல்லிப்போட்டு உட்டர்றேன். உக்காருங்க. அட, உக்காந்துதான் இருக்கறீங்க.

இத்தனை தூணு காலியாக் கெடக்குது, எம் பக்கத்துல பாத்து வந்து உக்காந்தீங்க பாருங்க. அப்பவே நெனச்சேன், இந்தப் பொம்பளைக்கு மனசுல ஏதோ வெசனம் இருக்குதுன்னு. இந்த ஆனைமலை ஆத்தா கோயிலுக்கு மஞ்சப்பையை நெஞ்சோட அணைச்சுட்டு ஒருத்தி வர்றான்னா, அதுக்குள்ள வேற என்ன இருக்கப் போகுது? யாரு மேல அரைக்க வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது எனக்கு எதுக்கு? ஓரகத்தியா? நாத்தனாரா? சரி உடுங்க, கேக்கலை.

நியாயமாப் பாத்தா நான் பேசவே கூடாது. வேண்டுதல். இன்னும் இருபத்தஞ்சு நாளைக்கு, என்ற பையன் தாலி கட்டற வரைக்கும், வாயைத் தொறக்கறதில்லைன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கறேன். ஆனா கோயிலுக்குள்ள பேசுனா அது சேராதுங்க. அவளுக்குத் தெரியாமப் பேசுனாத்தானே தப்பு? இங்கதான் அவளே கேட்டுட்டுப் படுத்திருக்கறாளே. பஸ்ஸுல வரும்போதும் பேசலை. முன் சீட்டுல ஒரு குழந்தை அழுதுச்சு, அதுகிட்ட ரெண்டு வார்த்தை. அப்புறம் அதோட அம்மாகிட்ட. அந்தம்மா தம்பி துபாயில இருக்கறானாமா. அவ்வளவுதான்.

நீங்க திருப்பூருன்னு சொன்னீங்க இல்ல? அப்ப இங்கத்த முறை தெரிஞ்சிருக்காது. உள்ள ஆத்தா மல்லாக்கப் படுத்திருக்கறா பாத்தீங்களா? தலையில இருந்து கால் வரைக்கும் நீளமா. ஒரு ராசாவோட மரத்து மாங்கா ஆத்துல மெதந்து வந்துச்சாமா. அதை ஒரு பொண்ணு எடுத்துத் தின்னு போட்டா. தின்னதுக்கு அவளைக் கொன்னே போட்டாங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுதான் இந்த ஆத்தா. ஒரு மாங்காய்க்கு உசுரைக் குடுத்தவ, அதனால அநியாயம்னு யாரு வந்து நின்னாலும் இவ காது குடுத்துக் கேப்பா.

அதுக்குத்தான் அந்த நீதிக்கல்லு. மொளகாய அங்க இருக்கற அம்மியில தண்ணி உட்டு அரைச்சு, கல்லு மேல பூசோணும். பூசறப்ப நடந்ததைச் சொல்லோணும். கல்லுக்கு எரியற மாதிரி தப்புச் செஞ்சவங்களுக்கு எரியும். காரியம் முடிஞ்சா மறக்காம வந்து எண்ணெக்காப்பு சாத்தி ஆத்தாளைக் குளுர வைக்கோணும். நான் இன்னிக்கு வந்தது எண்ணெக்காப்புக்கு. என்ற ஓரகத்தி தங்கமணி எண்ணெ வாங்கப் போயிருக்கறா. அவ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சாகோணும். இது அவ காதுல விழக் கூடாத கதை.

எனக்கு ஒரே பையன், லோகநாதன். முப்பத்தஞ்சு முடிஞ்சு போச்சு. பொள்ளாச்சிக்கு இக்கட்டால, இந்தப் பக்கமா எங்க தோப்பு, நார் மில்லு ஒண்ணு வெச்சிருக்கறான். அவங்கப்பா போயி பதினோரு வருசம் ஆச்சு. எங்க பக்கத்துல இப்பப் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். தோப்புக்கு ஒருத்தன் முப்பத்தஞ்சுல, நாப்பதுல நின்னுட்டு இருக்கறான், தென்னை மரத்துக்குத் துணையா. அப்படியும் என்ற பையனுக்கு எடம் வந்துச்சுங்க. சாதகம் பொருந்துச்சு. போட்டோவும் பிடிச்சுப் போச்சு. வந்து காப்பி குடிச்சுட்டு, "நாலு எடத்துல விசாரிச்சுட்டுச் சொல்றோமுங்க"ன்னு போவாங்க. விசாரிக்கப் போனவங்க போனவங்கதான். ஒண்ணில்ல ரெண்டில்ல, நாலு எடம் இப்படியே போச்சு.

யாரோ வாயில நஞ்சை வெச்சிருக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாருங்கறதும் தெரியும். எங்க வூட்டுக்கும் தங்கமணி வூட்டுக்கும் நடுவுல ஒரு செவுரு. எங்க வூட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளின்னு ஆரு வந்தாலும் அந்தச் செவுத்துக்கு மேல அவ தலை தெரியும். வரப்புல ஒரு தென்னை யாரு பக்கம்னு ஒரு தகராறு வேற, இருபது வருசமா. இதுக்கு மேல சாட்சி வேணுமா?

போன ஆடியில மொளகாயோட கெளம்பி வந்தேன். ஊருல எல்லாரும் அஞ்சாறு மொளகா கொண்டு வருவாங்க. நான் ரெண்டு கை நெறைய அள்ளிட்டு வந்தேன், எங்க தோட்டத்து மொளகா, காரசாரமானது. நான் அரைச்ச அரைப்புல வரிசையில நின்னவங்க பூராவும் இருமுனாங்க. பக்கத்து அம்மியில இருந்த பொம்பள, "ஏனக்கா, ஒரு ஊரையே எரிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டா. "ஒரே ஒரு வாய்தான் கண்ணு"ன்னேன். எனக்கே என்ற பேச்சு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

பூசறப்பச் சொன்னேன்: "தாயே, என்ற பையன் கல்யாணத்தை எந்த வாய் கெடுத்துச்சோ அந்த வாய் எரியோணும். சோறு எறங்கக் கூடாது. பேச்சு வரக் கூடாது." தங்கமணி பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. பாவம், அவளுக்கும் பேரன் பேத்தி இருக்குது, பேரை மட்டும் சொல்ல வேண்டாம்னு முழுங்கிப்போட்டேன். அந்தப் பெருந்தன்மைதான் அம்மிணி, என்னைக் கொண்டு போய்க் குழியில தள்ளுச்சு.

வூட்டுக்குப் போய் ரெண்டு நாள் பாத்தேன். தங்கமணிக்கு ஒண்ணுமே ஆகலை. மூணாம் நாள் காலையில ஒரு தட்டு நெறைய முறுக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அஞ்சு வருசமா ஒரு வெத்தலை கூடக் குடுத்தவ இல்லை நான், முறுக்குக் குடுத்தா அவ என்ன நெனப்பா? ஆசையா வாங்கி என்ற கண்ணு முன்னாலயே கறுக்கு மொறுக்குனு நாலு முறுக்கைத் தின்னா. வாய் அவளுக்கு ஆட்டுரல் மாதிரி ஓடுது. நான் வெறுத்துப் போய் வூட்டுக்கு வந்து மிச்சம் இருந்த ஒரு முறுக்கை வாயில போட்டேன். அய்யோன்னு கத்திட்டேன். கண்ணாடியில பாத்தா நாக்கு, கன்னம், ஒதடு, அத்தனையும் புண்ணு.

அன்னிக்கு எனக்கு ஒண்ணும் உறைக்கலைங்க. அரைச்ச கையைச் சரியாக் கழுவாம வாயைத் தொடைச்சிருப்பேன்னு நெனச்சேன். அதெப்படி மூணு நாள் கழிச்சு எரியும்னு லோகு கேட்டான். தோட்டத்து மொளகா அப்படித்தான், மெதுவா ஏறும்னேன். டாக்டரு சத்து மாத்திரை குடுத்துட்டு, "கொஞ்ச நாளைக்கு வாயை அசைக்காம இருங்கம்மா"ன்னாரு. இத்தனை வருசத்துல எங்கிட்ட யாரும் அதை அவ்வளவு மரியாதையாச் சொன்னதில்லை.

நாப்பது நாளுங்க. பேச்சு இல்லை. மோருஞ்சோறு, கஞ்சியைத் தவர வேற எதுவும் எறங்கலை. தங்கமணிதான் தெனமும் செவுத்துக்கு அக்கட்டால இருந்து கூப்புட்டு, அரிசிக் கஞ்சி குடுப்பா, உப்பு மட்டும் போட்டு. "அக்கா, எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ"ன்னு புலம்புவா. நான் கஞ்சியைக் குடிச்சுட்டு அவ வாயையே பாத்துட்டு இருப்பேன், எப்படா எரியும்னு. அந்தக் கஞ்சி தொண்டையில எறங்குனது எனக்கு இப்ப நெனச்சாலும் கூசுது.

அந்த நாப்பது நாளுக்குள்ளதான் நெகமத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பொண்ணோட அப்பாவும் சித்தப்பாவும் வந்தாங்க. நான் கை கும்புட்டுட்டு, மோரைக் கொண்டு வந்து வெச்சுட்டு, ஓரமாப் போய் உக்காந்துட்டேன். வேற வழியில்லாம லோகுதான் பேசுனான். நார் மில்லு எப்படி ஓடுது, மழையில்லாத வருசம் என்ன பண்ணுனான், பொண்ணு கோயமுத்தூருல வேலைக்குப் போறதுன்னா போகட்டும், தெனமும் கொண்டு போய் பஸ் ஏத்தி உடுவேன்னு எல்லாம் சொன்னான். நான் வாயைப் பொளந்துட்டுக் கேட்டேன். புண்ணு வாயைப் பொளந்தா எவ்வளவு எரியும் தெரியுமா? எரிஞ்சாலும் கேட்டேன். முப்பத்தஞ்சு வருசமா என்ற வூட்டுல இருக்கறவன், அவன் இத்தனை பேசுவான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் அவங்க விசாரிக்கறதுக்கு நேரா தங்கமணி வூட்டுக்குப் போனாங்க. நான் செவுத்தோரம் ஒட்டிட்டு நின்னேன். இன்னிக்குக் கையுங்களவுமாப் பிடிச்சரலாம்னு. தங்கமணி சொல்றா, "அந்தப் பையனை மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டானுங்க. அக்காவுக்குக் கள்ளங்கபடம் தெரியாது. மனசுல இருக்கறது பூராவும் வாயில வந்துரும், உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது." அவ்வளவுதான் சொன்னா. வேற ஒரு வார்த்தை சொல்லலை. அன்னிக்குச் சாயங்காலமே நெகமத்துல இருந்து போன் வந்துருச்சு, சரின்னு.

எனக்குத் தலை கால் புரியலை. பேச முடியாதில்ல, காலண்டர்த் தாளைக் கிழிச்சு அதுக்குப் பின்னால லோகுவுக்கு எழுதிக் குடுத்தேன்: "கெடுத்த வாயை ஆத்தா அடைச்சுப்போட்டா பாத்தியா?" அவன் படிச்சுட்டு சிரிச்சான். சிரிச்சுட்டே இருந்தவன் அப்படியே பக்கத்துல உக்காந்து, என்ற கையைப் பிடிச்சுட்டான். "அம்மா, கோவிச்சுக்காத. அந்த வாய் ஆருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்"னான்.

அஞ்சு வருசத்துக்கு முன்னால கிணத்துக்கடவுல ஒரு எடம் பாத்தோம். அந்தப் பொண்ணோட மாமா ஒரு நாள் கோயமுத்தூரு பஸ்ஸுல எம் பக்கத்து சீட்டுல வந்தாராமா. எனக்கு அவரு ஆருன்னு தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும். வெள்ளைச் சட்டை, நல்ல மனுசன், நான் சாத்துக்குடி கூட உரிச்சுக் குடுத்தேன். பொள்ளாச்சியில ஆரம்பிச்சு அவரு எறங்கற வரைக்கும் நாந்தான் பேசிட்டு வந்தேன். என்ன சொன்னேன்? "என்ற பையன் தங்கமுங்க. என்னைக் கேக்காம ஒரு பனியன் வாங்க மாட்டான். எங்கையில தின்னாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். வர்ற பொண்ணு சமையக்கட்டுப் பக்கமே வர வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்குவேன். அவன் மனசுல என்ன இருக்குதுன்னு அவனை உட எனக்குத்தான் தெரியும்." பெருமையாத்தானுங்க சொன்னேன். இதுல என்ன தப்பு? எனக்கு இப்பவும் வெளங்கலை. தூக்கத்துல அவன் பல்லைக் கடிக்கறதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம்.

உடுமலை எடம் ஒரு கல்யாணப் பந்தியில போச்சு. இன்னொண்ணு ரேசன் கடையில. நாலாவது எப்படிப் போச்சுன்னு அவனும் சொல்லலை, நானும் கேக்கலை.

அந்தக் கிணத்துக்கடவுப் பொண்ணு கூட அவன் ரெண்டு தடவை போன்ல பேசியிருந்தானாமா. அவனுக்குப் பிடிச்சிருந்துச்சாமா. அவங்க மாமா போன் பண்ணி, "உங்கம்மாகிட்ட எங்க புள்ளை நிக்க முடியாது தம்பி, தப்பா நெனச்சுக்காத"ன்னு சொன்னப்ப அவன் மில்லுல நாருக்கு நடுவுல நின்னுட்டு இருந்தானாமா. வூட்டுக்கு வந்து நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு, "அந்த எடம் சரிப்படாது போலிருக்கும்மா"ன்னு மட்டும் சொன்னான். எனக்கு ஞாபகம் இருக்குது. அன்னிக்கு நான் அரை மணி நேரம் தங்கமணியைத் திட்டுனேன். அவன் உக்காந்து கேட்டுட்டு இருந்தான்.

ஏண்டா எங்கிட்டச் சொல்லலைன்னு கையைக் காட்டிக் கேட்டேன். "சொன்னா நீ அழுவே. அழுதுட்டு, அதையும் நாலு பேருகிட்டச் சொல்லுவே"ன்னான். கோவமாச் சொல்லலைங்க. மழை வரும், துணியை எடுத்து வையுங்கற மாதிரி சொன்னான்.

அழுதேன். வாயில புண்ணு இருக்கறப்ப அழவும் முடியாது அம்மிணி, கண்ணீரு ஒதட்டுல எறங்குனா எரியுது. அஞ்சு வருசமா என்ற புள்ளை இந்த எரிச்சலை உள்ள வெச்சுட்டு எம் முன்னால உக்காந்து சோறு தின்னிருக்கறான். அவன் மனசுல இருக்கறது எனக்குத்தான் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ நானு.

அப்புறம் நிச்சயம் வந்துச்சு. அதுக்குள்ள புண்ணு பூராவும் ஆறிப் போச்சு. ஆறுனதுதான் எனக்குப் பயம். நெகமத்துல அவங்க சனம் எறநூறு பேரு இருப்பாங்க, நான் ஆருகிட்ட எதைச் சொல்லித் தொலைப்பேனோன்னு ஒரு முழு நெல்லிக்காயைக் கன்னத்துல அடக்கிட்டுப் போனேன். மூணு மணி நேரம். பொண்ணு மைதிலி வந்து கால்ல உழுந்தா. கண்ணு, அவன் பனியனை இனிமேல் நீயே வாங்கு, சமையக்கட்டை நீயே வெச்சுக்கன்னு சொல்ல நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. நெல்லிக்காயை ஒரு கடி கடிச்சுட்டு, தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். என்ற வாழ்க்கையில அவ்வளவு பெரிய காரியம் நான் செஞ்சதில்லைங்க.

இன்னிக்குத் தங்கமணிதான் கூட வந்திருக்கறா. என்ன வேண்டுதல்னு கேட்டா. வாய்ப்புண்ணு ஆறுனதுக்குன்னு சொல்லிட்டேன். பஸ்ஸுல கண்டவங்ககிட்டயெல்லாம் சொன்ன வாய்க்கு, அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்ல வர மாட்டேங்குது.

அதனால சொல்றேன், அரைக்கறதுக்கு முன்னால ஒரு தடவை... ஏனுங் அம்மிணி, கண்ணு கலங்குது? மொளகா நெடியா? அட, எதுக்கு இப்பப் பையைத் தொறக்கறீங்க? இங்க வேண்டாமுங்க, கண்ணுல பட்டுரும்.

இதென்ன, மொளகாயே காணோம். பத்திரிகையா? கல்யாணப் பத்திரிகை! ஆத்தா கால்ல மொதப் பத்திரிகை வைக்க வந்தீங்களா? நல்லாருக்குது போங்க, நான் என்னமோ நெனச்சுட்டேன். யாருக்குக் கல்யாணம்? கண்ணாடியை வூட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன், நீங்களே படிங்க.

மைதிலி.

எங்க மைதிலியா?

நீங்க பொண்ணுக்கு அத்தைங்களா? நிச்சயத்துல உங்களை நான் பாக்கலையே... ஓ, வீடியோவுல நீங்க என்னைப் பாத்தீங்களா? அப்ப நான் ஆருன்னு தெரிஞ்சுதான் இங்க வந்து உக்காந்தீங்களா? அட கடவுளே. சம்பந்தி, நான் சொன்னதெல்லாம்... அந்தப் பல்லுக் கடிக்கறது இப்ப நின்னு போச்சுங்க. சத்தியமா நின்னு போச்சு. அவன் தங்கமான பையனுங்க. ஏதாவது இருந்தா என்னையத் திட்டுங்க, அவனை உட்டுருங்க. கையெடுத்துக் கும்புடறேன்.

என்னது? அழுவறாளா? நிச்சயம் முடிஞ்சு பன்னெண்டு நாளாவா? ஏன்?

நான் பேசலைன்னா?

நான் பேசலைன்னா அழுவறா! கன்னத்தை உப்பிட்டு உக்காந்திருந்தாங்க, கால்ல உழுந்தும் ஒரு வார்த்தை சொல்லலை, மாமியாருக்கு என்னைப் பிடிக்கலைன்னா? சம்பந்தி, அது நெல்லிக்காயுங்க! கல்யாணமே வேண்டாங்கறாளா? அப்ப இந்தப் பத்திரிகையை ஆத்தா கால்ல வைக்கறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதான்னு தெரியாமத்தான் நெஞ்சோட அணைச்சுட்டு வந்தீங்களா?

போன் இருக்குதா உங்ககிட்ட? போடுங்க அவளுக்கு. வேண்டுதலு கெடக்குது, ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். பேசியும் கெடுத்து, பேசாமயும் கெடுத்தவ ஒருத்தி இருப்பாளான்னு அவளே எந்திரிச்சு உக்காந்து சிரிக்கட்டும். போடுங்க, போடுங்க.

வா தங்கமணி. எண்ணெ கெடைச்சுதா? அதை அப்படியே கீழ வெச்சுட்டு எம் பக்கத்துல உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லியிருக்கோணும். இரு, போன்ல மைதிலிகிட்டப் பேசிட்டுச் சொல்றேன். எங்கயும் போயிறாத.

எடுத்துட்டாளா? குடுங்க.

அலோ... கண்ணு... நாந்தான். லோகு அம்மா.

சாப்ட்டயா?

இல்ல சாமி, இல்லவே இல்ல. அழுவாத. நீ பேசு கண்ணு. நான் கேட்டுட்டு இருக்கறேன்.